நெஞ்சுல கோத்த நீரை எடுத்தாச்சு, சரி, அது ஏன் கோத்துச்சு?

நெஞ்சுல நீர் கோத்திருக்குன்னு டாக்டர் சொன்ன உடனே நம்ம வீட்டாளுங்க கேக்குற முதல் கேள்வி எடுத்துட்டா சரியாயிருமா, அடுத்த கேள்வி எவ்ளோ செலவாகும். ஏன் கோத்துச்சுங்கிற கேள்வி ரொம்ப பின்னாடி வரும், பல வீட்ல வர்றதே இல்ல. எங்கப்பாவுக்கு இது வந்தப்ப அந்தக் கேள்விய விடாம கேட்டதாலதான் தேவையே இல்லாத ஆறு மாச டிபி மருந்துல இருந்து அவரு தப்பிச்சாரு. நான் டாக்டர் கிடையாது, மதுரைல டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வச்சிருக்கேன். எங்கக்கா கோயம்புத்தூர்ல ஸ்டாஃப் நர்ஸ், அவ போன்ல சொல்லிக்குடுத்தது பாதி, ஆஸ்பத்திரில உக்காந்து டாக்டருங்கள நச்சரிச்சு கேட்டுக்கிட்டது மீதி. உங்க வீட்ல யாருக்காச்சும் இது வந்தா உங்க டாக்டர்கிட்ட என்ன கேக்கணும்னு தெரிஞ்சுக்கத்தான் இது, நீங்களே மருந்து முடிவு பண்றதுக்கு இல்ல.

மொதல்ல அந்த நீர் எங்க இருக்குங்கிறதுலயே குழப்பம். நுரையீரலுக்குள்ள தண்ணி பூந்துருச்சுன்னு நெனைச்சுக்கிறாங்க, இல்லேன்னா சளி கட்டிருக்குன்னு நெனைச்சு மெடிக்கல் ஷாப்ல சிரப் வாங்கி ஊத்துறாங்க. இது நுரையீரலுக்கு உள்ள இல்ல, வெளிய. நுரையீரல போர்த்துன மாதிரி ஒரு மெல்லிசு சவ்வு, விலா எலும்புக்கு உள்பக்கம் இன்னொரு சவ்வு, ரெண்டுக்கும் நடுவுல சில டீஸ்பூன் அளவு நீர் எப்பவுமே எல்லாருக்கும் இருக்கும். ரெண்டு கண்ணாடித் தகட்டுக்கு நடுவுல சொட்டுத் தண்ணி விட்டா எப்படி வழுக்கிக்கிட்டு நகருமோ அப்படி, மூச்சு விடுறப்ப ஒண்ணு மேல ஒண்ணு உரசாம இருக்கத்தான் அது. ஊறிக்கிட்டே இருக்கும், உறிஞ்சிக்கிட்டும் இருக்கும். ஊறுறது கூடினாலோ உறிஞ்சுறது அடைபட்டாலோ சேர ஆரம்பிக்குது, சேரச்சேர நுரையீரல் விரியிறதுக்கு இடமில்லாம போவுது, மூச்சு வாங்குது.

இதுல டாக்டருங்க மொதல்ல பாக்குறது ரெண்டே வழிதான். சவ்வு நல்லாத்தான் இருக்கு, ஆனா இதயமோ கல்லீரலோ கிட்னியோ சரியில்லாததால அழுத்தம் கூடி, இல்லேன்னா ரத்தத்துல புரதம் கொறைஞ்சு தண்ணி கசியுது, இது ஒண்ணு. இதுக்கு டிரான்சுடேட்னு பேரு, புரதம் கம்மியா தண்ணியா இருக்கும். இன்னொண்ணு சவ்வுலயே நோய், டிபி, நிமோனியா, கேன்சர் இந்த மாதிரி, அதுல புரதமும் செல்லும் கொழகொழன்னு கலந்து வரும், எக்சுடேட். எந்தப் பக்கம்னு பிரிக்கிற கணக்க 1972-ல ரிச்சர்ட் லைட்ங்கிற அமெரிக்க டாக்டர் போட்டுக் குடுத்தாரு, இன்னிக்கு வரைக்கும் உலகம் பூரா அதுதான். நீர்ல இருக்குற புரோட்டீன ரத்தத்துல இருக்குற புரோட்டீனால வகுத்தா 0.5-க்கு மேல, இல்ல எல்டிஎச்ச (செல் சிதையுறப்ப வெளிய கசியுற ஒரு நொதி) அதே மாதிரி வகுத்தா 0.6-க்கு மேல, இல்ல நீரோட எல்டிஎச் ரத்தத்துக்கு லேப் போட்டிருக்குற உச்ச அளவுல மூணுல ரெண்டு பங்கத் தாண்டினா, இந்த மூணுல ஏதாச்சும் ஒண்ணு வந்துட்டாலே எக்சுடேட். கணக்கு சிம்பிள். ஆனா எங்கப்பா விசயத்துல இந்தக் கணக்குதான் கால வாரிவிடப் பாத்துச்சு.

அப்பாவுக்கு 71 வயசு, கூட்டுறவு சொசைட்டில கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவரு. பிபி, சுகர் ரெண்டும் ரொம்ப வருசமா இருக்கு. மாடிக்கு ஏறுனா பாதிப் படில நின்னு மூச்சு வாங்குவாரு, வயசுன்னு விட்டுட்டோம். அப்பறம் ராத்திரி படுத்தா இருமல். படுக்க முடியாம ஹால்ல ஈசி சேர்ல சாஞ்சே தூங்குனாரு, கட்டில்ல படுத்தா வலது பக்கமா ஒருக்களிச்சாத்தான் கொஞ்சம் பரவாயில்லம்பாரு. தெரு முக்குல இருக்குற டாக்டர் ஆன்டிபயாட்டிக், சிரப் குடுத்தாரு, கால் வீக்கத்தப் பாத்துட்டு நீர் போறதுக்கு லாசிக்ஸ் மாத்திரையும் எழுதினாரு. மூச்சு கொறையலன்ன உடனே எக்ஸ்ரே எடுக்கச் சொன்னாரு, வலது பக்கம் கீழ பாதி நெஞ்சு வெள்ளையா இருந்துச்சு.

எக்ஸ்ரே பத்தி ஒரு விசயம். நிக்க வச்சு நேரா எடுக்குற படத்துல ஏறக்குறைய 200 மில்லி சேந்தாத்தான் அந்தக் கீழ் மூலை மழுங்கித் தெரியும். அதுக்குக் கம்மியா இருந்தா படம் நார்மல்னே ரிப்போர்ட் வரும், ஸ்கேன்ல தெரியும். அதே மாதிரி ஒரு பக்கம் பூரா வெள்ளையா இருந்தா மூச்சுக்குழல் எந்தப் பக்கம் தள்ளியிருக்குன்னு பாப்பாங்களாம். அவ்ளோ நீர் இருந்தா அது எதிர்ப்பக்கம் தள்ளணும், தள்ளாம நடுவுலயே நின்னுச்சுன்னா உள்ள ஏதோ அடைச்சு நுரையீரல் சுருங்கியிருக்கான்னு சந்தேகப்படணும். அதுனால ரிப்போர்ட் பேப்பர மட்டும் தூக்கிட்டு அலையாதீங்க, ஃபிலிமையும் கையோட வச்சுக்கோங்க.

ஒரு நர்சிங் ஹோம்ல அட்மிட் பண்ணி நீர் எடுத்தாங்க. கூட நிக்க விட்டாங்க, அதுனால சொல்றேன். கட்டில்ல கால தொங்கப்போட்டு உக்கார வச்சு, முன்னாடி சாப்பாட்டு டேபிள தள்ளிட்டு வந்து தலகாணி போட்டு அதுமேல கைய மடக்கி சாஞ்சுக்கச் சொன்னாங்க. டாக்டர் முதுகுல ஸ்கேன் மிஷின வச்சு நீர் எங்க ஆழமா இருக்கு, கல்லீரல் எங்க வருதுன்னு பாத்துட்டு அந்த இடத்துலயே ஊசி போட்டாரு. இத கேட்டு வாங்குங்க. காலைல ஸ்கேன் சென்டர்ல படுக்க வச்சு ஒரு புள்ளி வச்சு அனுப்பி, சாயங்காலம் வார்டுல உக்கார வச்சு அந்தப் புள்ளில குத்துறது சில எடத்துல இன்னமும் நடக்குது. உக்காந்தா நீர் நகர்ந்துரும். ஊசி விலா எலும்போட மேல் விளிம்ப ஒட்டித்தான் போகணும், கீழ் விளிம்புல ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுது. மரத்துப்போற மருந்து போட்டப்ப மட்டும் அப்பா சுருக்குன்னு ஒரு சத்தம் குடுத்தாரு, அதுக்கப்பறம் "எப்பப்பா ஆரம்பிப்பீக"ன்னு கேக்குறாரு, அதுக்குள்ள பாதி பை ரொம்பிருச்சு. வெளிர் மஞ்சள், தெளிவா இருந்துச்சு. 900 மில்லி கிட்ட வர்றப்ப விடாம இருமினாரு, உடனே நிறுத்திட்டாங்க. ஒரே மூச்சுல ஒண்ணரை லிட்டருக்கு மேல இழுத்தா நசுங்கிக் கெடந்த நுரையீரல் திடீர்னு விரிஞ்சு அதுக்குள்ளயே நீர் ஊறிரும், அது வேற ஆபத்து. இருமலோ நெஞ்சு இறுக்கமோ வந்தா சும்மா பல்லக் கடிச்சுக்கிட்டு இருக்காம சொல்லிரணும். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்புடுறவங்க அதையும் மொதல்லயே சொல்லிரணும்.

இதுக்கு முன்னாடியே அக்கா போன்ல புடிச்சுக்கிட்டா. "டேய் தம்பி, நீர மட்டும் அனுப்பிட்டு சும்மா இருந்துராத, அதே நேரத்துல ரத்தமும் எடுக்கச் சொல்லு, புரோட்டீன், அல்புமின், எல்டிஎச், சுகர் நாலும். அப்பறமா எடுத்தா கணக்கு ஒட்டாது"ன்னா. நான் போய் சொன்னப்ப ட்யூட்டி டாக்டர் ஒரு மாதிரி பாத்தாரு, ஆனா எடுத்துட்டாரு. அல்புமின்ங்கிறது ரத்தத்துல இருக்குற ஒரு முக்கியமான புரதம், அத வழக்கமா அனுப்புறதில்லையாம், அக்கா சொன்னதால எழுதினாரு. பின்னாடி எல்லாமே அந்த அல்புமின்லதான் திரும்புச்சு.

எடுத்த நீர் எல்லாம் பையில போய் வீணாப் போகக் கூடாது, அதுவும் ஒண்ணு. செல் எண்ணுறதுக்கு ரத்தம் உறையாத ஊதா மூடி டியூப், சுகருக்கு தனி டியூப், கிருமி வளக்குற டெஸ்டுக்கு சுத்தமான பாட்டில், கேன்சர் செல் பாக்குறதுக்கு 50 மில்லியாச்சும் தனியா. நாலு சொட்டு அனுப்பிட்டு கேன்சர் செல் இல்லைன்னு ரிப்போர்ட் வந்தா அதுக்கு என்ன மதிப்பு. எங்க நர்சிங் ஹோம்ல லேப் வெளிய, ஆள் வந்து எடுத்துட்டுப் போக லேட்டாகும்னாங்க, நானே பைக்ல பாட்டிலோட போய் குடுத்துட்டு வந்தேன். நிமோனியா சந்தேகம்னா பிஹெச், அதாவது நீரோட அமிலத்தன்மை, பாக்க வேண்டி வரும், அத காத்துப் படாம சிரிஞ்சிலயே அடைச்சு உடனே மிஷின்ல போடணும், 7.2-க்கு கீழ போச்சுன்னா நீர வடிக்க டியூப் போட வேண்டி வரும்.

ரிப்போர்ட் வந்துச்சு. நீர்ல புரோட்டீன் 3.6, ரத்தத்துல 6.8. வகுத்தா 0.53. எல்டிஎச் நீர்ல 130, ரத்தத்துல 230, அது 0.6-க்கு கீழதான். லிம்போசைட்ங்கிற வெள்ளை அணு 85 சதவீதம், சுகர் நார்மல், டிபி சந்தேகத்துக்குப் பாக்குற ஏடிஏங்கிற நொதி 34. சைட்டாலஜில, அதாவது செல்ல மைக்ராஸ்கோப்புல பாக்குற டெஸ்ட்ல, கேன்சர் செல் இல்ல. அந்த ஏடிஏ பக்கத்துல லேப்காரங்க 30-ல இருந்து 40 வரைக்கும் "சந்தேகம்"னு அச்சடிச்சு வச்சிருந்தாங்க. நர்சிங் ஹோம் டாக்டர் பாத்தாரு, "எக்சுடேட், லிம்போசைட் ஜாஸ்தி, ஏடிஏ பார்டர்ல இருக்கு, நம்ம ஊர்ல இது டிபிதான் சார், மருந்து ஆரம்பிச்சிரலாம், ரெண்டு மாசத்துல நீர் போயிருச்சுன்னா டிபின்னு கன்ஃபார்ம்"னாரு.

இதுல அவர நான் திட்டப் போறதில்ல. நம்ம நாட்டுல ஒரு பக்கம் நீர், அதுல லிம்போசைட்னா மொதல்ல டிபிய நெனைக்கிறது நியாயம்தான், நெனைக்காம விட்டாத்தான் தப்பு. ஆனா நெனைக்கிறது வேற, மருந்து ஆரம்பிக்கிறது வேற. அப்பாவுக்கு காய்ச்சல் ஒரு நாள் கூட இல்ல, ராத்திரி வேர்வை இல்ல, எடை கொறையுறதுக்கு பதிலா கூடியிருந்துச்சு. ஏடிஏ பொதுவா 40-க்கு மேல போனாத்தான் டிபிக்கு பலமான ஆதாரம். அப்பா வேற "பேரப்புள்ளைய தூக்கலாமா கூடாதா"ன்னு கேட்டுட்டு தட்டு டம்ளர தனியா எடுத்து வச்சுக்கிட்டாரு. நுரையீரலுக்குள்ள நோய் இல்லாம சவ்வுல மட்டும் வர்ற டிபி பொதுவா அடுத்தவங்களுக்கு ஒட்டுறது இல்ல, அதச் சொல்லக்கூட அங்க யாருக்கும் நேரம் இல்ல.

"மருந்து குடுத்துப் பாப்போம்"ங்கிறதும் சும்மா இல்ல. டிபி மருந்துல இருக்குற ரிஃபாம்பிசின் ஒண்ணுக்குப் போறத ஆரஞ்சு கலராக்குறதோட நிக்காது, பிபி மாத்திரை, சில சுகர் மாத்திரையோட வேலையெல்லாம் கொறைச்சுவிட்டுரும், மருந்து கல்லீரலையும் பதம் பாக்கும். 71 வயசுல பிபியும் சுகரும் ஏறி எறங்கிக்கிட்டு இருக்குறவருக்கு அத ஊகத்துல குடுக்கணுமா? மச்சான் "டாக்டர் சொல்றத கேக்காம நீ என்ன பெரிய இவனா"ன்னாரு. ஒரு ரெண்டு நாள் பொறுங்க மச்சான்னு சொல்லிட்டு வேற ஒரு நெஞ்சு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன்.

அந்த மேடம் ரிப்போர்ட்ட கையில வாங்கவே இல்ல. "ஐயா, ராத்திரி எத்தன தலகாணி வச்சுப் படுக்குறீங்க?"ன்னாங்க. அப்பறம் வேட்டிய லேசா தூக்கச் சொல்லி முழங்காலுக்கு கீழ எலும்பு மேல கட்டைவிரல வச்சு கொஞ்ச நேரம் அமுக்கிட்டு எடுத்தாங்க, குழி அப்படியே நின்னுச்சு. கழுத்த சாய்க்கச் சொல்லி நரம்பப் பாத்தாங்க. "சாப்புடுற மாத்திரை எல்லாம் கொண்டாந்தீங்களா?" அப்பா எப்பவும் ஒரு மஞ்சப்பையில எல்லா அட்டையும் வச்சிருப்பாரு, டேபிள்ல கொட்டினாரு. அதுல அவங்க ரெண்டு அட்டைய மட்டும் எடுத்து தனியா வச்சாங்க. ஒண்ணு லாசிக்ஸ். இன்னொண்ணு சுகர் மாத்திரை, மூணு மருந்து ஒண்ணா கலந்தது, அட்டைக்குப் பின்னாடி பொடி எழுத்துல இருந்துச்சு: கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், பயோகிளிட்டசோன்.

அப்பறம்தான் ரிப்போர்ட்ட வாங்கி பின்பக்கம் பேனாவுல கணக்குப் போட்டாங்க. நீர் எடுக்குறதுக்கு முன்னாடியே இவரு லாசிக்ஸ் சாப்புட்டுக்கிட்டு இருந்திருக்காரு. அந்த மாத்திரை தண்ணிய வெளியேத்துது, புரதம் அவ்ளோ வேகமா வெளியேறாது, அங்கயே தங்கிருது, அதுனால நீர்ல புரதத்தோட அளவு ஏறித் தெரியுது. உண்மைல டிரான்சுடேட்டா இருக்குறது லைட் கணக்குல எக்சுடேட்னு விழுந்துருது. இதயத்தால வர்ற நீர்ல ஏறக்குறைய கால்வாசி இப்படி தப்பான பக்கம் விழும்னு சொன்னாங்க. நம்ம ரிப்போர்ட்ல மூணு விதில ஒண்ணே ஒண்ணுதான் தாண்டியிருக்கு, அதுவும் 0.53, மயிரிழை. இந்த மாதிரி நேரத்துல வகுக்கக் கூடாது, கழிக்கணும். ரத்தத்து அல்புமின் 3.9, நீர்ல 2.4, வித்தியாசம் 1.5. 1.2-க்கு மேல போனா பெரும்பாலும் அது டிரான்சுடேட்தான். புரோட்டீன கழிச்சாலும் 3.2 வருது, 3.1-ஐத் தாண்டிருச்சு. லிம்போசைட் ஜாஸ்தியா இருக்கேன்னு கேட்டேன், ரொம்ப நாள் தேங்குன நீர்ல இதயக் காரணமா இருந்தாலும் லிம்போசைட்தான் ஜாஸ்தி இருக்கும்னாங்க.

"எக்கோ எடுத்தோமே மேடம், இதயம் 60 சதவீதம் வேலை செய்யுது, நார்மல்னு போட்டிருக்கே"ன்னேன். அங்கதான் எனக்கு ஒரு விசயம் புரிஞ்சுச்சு. அந்த 60 சதவீதம் இதயம் எவ்ளோ நல்லா அமுக்குதுங்கிறதோட கணக்கு. அமுக்குறது நல்லா இருந்தும் தளர்ந்து ரத்தத்த வாங்கிக்கிறது சரியில்லேன்னா அதுவும் ஹார்ட் ஃபெயிலியர்தான், வயசானவங்க, ரொம்ப வருசமா பிபி சுகர் இருக்குறவங்களுக்கு அதிகம் வர்றது இதுதானாம். எங்க எக்கோ ரிப்போர்ட்லயே ரெண்டாவது பக்கத்துல இடது மேல் அறை பெருசாயிருக்கு, தளர்றதுல குறை இருக்குன்னு எழுதியிருந்துச்சு, கடைசி வரில நார்மல்னு பாத்துட்டு எல்லாரும் மூடி வச்சுட்டோம். என்டி-ப்ரோபிஎன்பின்னு ஒரு ரத்த டெஸ்ட் எழுதினாங்க, இதயத்துமேல பாரம் ஏறுனா கூடுற ஒரு பொருள், அவரு வயசுக்கு 900 தாண்டுனாலே யோசிக்கணும், வந்தது 2,640. விலை ஜாஸ்திதான், ஆனா ஆறு மாச மருந்து எந்தப் பக்கம் போகணும்னு முடிவு பண்ற டெஸ்ட்டுன்னா குடுத்துத்தான் ஆகணும்.

இதயம்னா ரெண்டு பக்கமும்ல நீர் வரணும்? பெரும்பாலும் ரெண்டு பக்கமும்தான் வரும், ஆனா ஒரே பக்கம் வந்தா அது வலது பக்கமா இருக்குறது அதிகம்.

அந்த ரெண்டாவது அட்டை, பயோகிளிட்டசோன். உடம்புல உப்பையும் தண்ணியையும் தேக்கி வைக்கிற குணம் அதுக்கு உண்டு, ஹார்ட் ஃபெயிலியர் இருக்குறவங்களுக்கு ஆகாது. 2013 ஜூன்ல மத்திய அரசு இத தடையே பண்ணுச்சு, அடுத்த மாசமே எச்சரிக்கையோட விக்கலாம்னு திருப்பி விட்டுருச்சு, அப்ப பேசுனது மூத்திரப்பை கேன்சர் பயம், இது வேற கதை. விலை கம்மி, சுகரும் நல்லா கொறையும், அதுனால மூணு மருந்து கலந்த மாத்திரைல இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு. கால் வீங்குனப்ப எல்லாரும் பிபிக்கு சாப்புடுற அம்லோடிபின்னாலன்னு சொன்னோம், அதுவும் வீக்கம் குடுக்குற மாத்திரைதான், அதுனால யாரும் பக்கத்து அட்டைய திருப்பிப் பாக்கல.

மேடம் சுகர் டாக்டர்கிட்ட பேசி பயோகிளிட்டசோன நிறுத்தி டாபாகிளிஃப்ளோசின் மாத்தினாங்க, அது சுகருக்கும் ஆகும், இந்த வகை இதயக் கோளாறுக்கும் ஆகும். லாசிக்ஸ் டோஸ் கூட்டினாங்க, கூட்டுன ஒரு வாரத்துல கிட்னிக்குப் பாக்குற கிரியாட்டினினும் பொட்டாசியமும் பாத்தாங்க. உப்பு கொறைக்கணும்னு சொன்னப்ப அம்மா குழம்புல கொறைச்சா, அப்பா அப்பளத்துலயும் ஊறுகாய்லயும் ஈடு கட்டிக்கிட்டாரு, கருவாட்ட நிறுத்துறதுக்குள்ள வீட்ல ஒரு போரே நடந்துச்சு. அடுத்த மாச எக்ஸ்ரேல மூலை கூர்மையா தெரிஞ்சுச்சு. ரெண்டாவது ஊசியே வேண்டியிருக்கல. ஆனா அவங்க முன்னாடியே ஒரு கண்டிஷன் போட்டிருந்தாங்க: இந்த மருந்துல நீர் கொறையலன்னா நம்ம நெனைச்சது தப்பு, திரும்ப எடுத்து முதல்ல இருந்து பாக்கணும், சிடி வேணும், ஒருவேளை பயாப்சியும் வேணும்னு. டாக்டர்னா இப்படி இருக்கணும்னு எனக்குத் தோணுச்சு, தன்னோட முடிவு தப்பா இருந்தா எப்படி கண்டுபுடிக்கிறதுன்னு முன்கூட்டியே சொல்றவங்க.

இதப் படிச்சுட்டு டிபின்னு சொன்னா நம்பாதீங்கன்னு எடுத்துக்கிட்டா அது பெரிய தப்பு. அப்பா அட்மிட் ஆகியிருந்தப்ப பக்கத்து பெட்ல ஒரு பாலிடெக்னிக் பையன். இடது பக்கம் மூச்ச இழுத்தா கத்தி சொருகுற வலி, சாயங்காலம் ஆனா காய்ச்சல். கொஞ்ச நாள்ல வலி தானா போயிருச்சு, வீட்ல நல்லாயிட்டான்னு சந்தோசப்பட்டிருக்காங்க. உண்மைல வலி போனதுக்குக் காரணம் நீர் கூடுனது. ரெண்டு சவ்வும் உரசுறப்ப வலிச்சுச்சு, நடுவுல நீர் நெறஞ்சு பிரிச்சு விட்டதும் உரசல் நின்னுருச்சு. வலி கொறைஞ்சு மூச்சு வாங்குறது கூடுனா அது கொணமாகுறது இல்லைன்னு அவங்கம்மா கடைசியா தெரிஞ்சுகிட்டாங்க. அவனுக்கு ஏடிஏ 82, லிம்போசைட் 90. ஆனா நீர்ல டிபி கிருமி தெரியல, கிருமியோட மரபணுவத் தேடுற சிபிநாட் டெஸ்ட்லயும் வரல. அதப் பாத்துட்டு அவங்க மாமா "கிருமியே இல்லையே, எதுக்கு மருந்து"ன்னு சத்தம் போட்டாரு. சவ்வு டிபில கிருமி ரொம்பக் கம்மி, நீர் வர்றதே பெரும்பாலும் உடம்போட எதிர்ப்புனாலதான், அதுனால நீர நேரா மைக்ராஸ்கோப்புல வச்சுப் பாத்தா நூத்துல பத்துப் பேருக்குக் கூட கிருமி தெரியாது. 20 வயசு, காய்ச்சல், ஒரு பக்கம், ஏடிஏ அவ்ளோன்னா அது போதும். அவனுக்கு மருந்து அரசு வழியா இலவசம், தனியார்ல பாத்தாலும் டிபின்னு முடிவானா பதிவு பண்ணியே ஆகணும்னு 2012-ல இருந்து அரசு உத்தரவு, பதிவு பண்ணுனா சத்தான சாப்பாட்டுக்குன்னு அக்கவுண்டுல பணமும் வரும், 2024 நவம்பர்ல இருந்து மாசம் 1,000 ரூபா. ஆறு மாசம், நல்லாயிட்டேன்னு நடுவுல நிறுத்தாம.

இன்னொருத்தங்க தேனிப் பக்கத்துல இருந்து வந்த அம்மா, அம்பது வயசு இருக்கும். அவங்களுக்கு எடுத்த நீர் சிவப்பா இருந்துச்சு, எடுத்த ஒரு வாரத்துல பழையபடி ரொம்பிருச்சு. முதல் தடவ சைட்டாலஜி நெகட்டிவ். அவங்க வீட்டுக்காரரு அந்த பேப்பர பிளாஸ்டிக் கவர்ல போட்டு வச்சுக்கிட்டு பாக்குற எல்லார்கிட்டயும் "கேன்சர் இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டாங்க தம்பி"ன்னு காட்டுவாரு. எனக்கு அக்கா சொன்னது தெரியும், வாயத் தொறக்க முடியல. கேன்சரால வந்த நீரா இருந்தாலும் முதல் சாம்பிள்ல செல் மாட்டுறது ஏறக்குறைய நூத்துக்கு அறுபதுதான். இரண்டாவது தடவ அனுப்புனா இன்னும் கொஞ்சம் கூடும், அதுக்கு மேல அனுப்பி பெருசா லாபம் இல்ல, திசு எடுக்கப் போயிரணும். அவங்களுக்கு தொராகோஸ்கோபி பண்ணாங்க, விலாப்பக்கம் சின்னதா ஒரு ஓட்டை போட்டு கேமரா விட்டு சவ்வ நேரா பாத்து சந்தேகமான எடத்துல கிள்ளி எடுக்குறது, பத்துல ஒன்பது பேருக்கு மேல விடை கெடைச்சிரும். நுரையீரல் கேன்சர்னு வந்துச்சு. வாழ்க்கைல சிகரெட்ட தொட்டதில்ல, பொம்பளைங்களுக்கு புகைக்காமலே வர்ற வகை அது. அந்தத் திசுவுலயே மரபணு டெஸ்ட் பண்ணி மாத்திரைலயே வைத்தியம் பாக்குற வகைன்னு தெரிஞ்சுச்சு, திசு இல்லாம வெறும் நீர எடுத்து எடுத்து விட்டிருந்தா அது தெரியவே வந்திருக்காது. இந்த மாதிரி சந்தேகம் இருந்தா நீர் எல்லாத்தையும் வடிச்சுட்டு சிடி எடுக்குறத விட, கொஞ்சம் நீர் இருக்குறப்பவே மருந்து ஏத்தி சிடி எடுத்தா சவ்வுல இருக்குற முடிச்சு நல்லா தெரியுமாம். வடிக்கிறதுக்கு முன்னாடி சிடி எப்பன்னு கேட்டுக்கோங்க.

மத்தது சுருக்கமா. டெங்கு சீசன்ல காய்ச்சல் விட்ட நேரத்துல நெஞ்சுல கொஞ்சம் நீர் தெரியும், பிளேட்லெட் கம்மியா இருக்குறப்ப அதுல பொதுவா ஊசி போட மாட்டாங்க, ரத்தக்குழாய் கசிவு நின்னா தானா வத்திரும். குடிச்சு கல்லீரல் சுருங்குனவங்களுக்கு வயித்து நீர் உதரவிதானத்துல இருக்குற பொடி ஓட்டை வழியா மேல ஏறி பெரும்பாலும் வலது பக்கம் சேரும், அங்க டியூப் போட்டு விட்டா நிக்காம வடிஞ்சு ஆள் இன்னும் மோசமாயிருவாரு. கணையம் வீங்குனா இடது பக்கம், நீர்ல அமைலேஸ் பாக்கணும். நீர் பால் மாதிரி வந்தா ட்ரைகிளிசரைடு, 110 தாண்டுனா அது நிணநீர்க் குழாய் கசிவு. சுகர் இருக்குறவங்க நிமோனியாவுக்கு அப்பறம் காய்ச்சல் விடாம இருந்தா சீழ் புடிச்சிருக்கான்னு அன்னிக்கே பாக்கணும், நாள் போனா அது கெட்டியாகி ஆபரேஷன் வரைக்கும் போயிரும்.

ஊர்ல ஒரு பேச்சு உண்டு, நீர்ல ஊசி வச்சா திரும்பத் திரும்ப ஊறிக்கிட்டே இருக்கும், அதுனால எடுக்கவே கூடாதுன்னு. எங்க சித்தப்பா ஆஸ்பத்திரிக்கே வந்து இதச் சொல்லிட்டுப் போனாரு. ஊசியால ஊறாது சித்தப்பா, காரணம் உள்ள இருந்தா ஊசி போட்டாலும் போடாட்டியும் ஊறும்னு சொன்னேன், அவரு தலைய ஆட்டிட்டு அப்பாகிட்ட போய் அதையே திரும்பச் சொன்னாரு.

இப்ப அப்பா தினமும் காலைல பல்லு வெளக்கி பாத்ரூம் போயிட்டு வந்த உடனே எடை பாத்து காலண்டர்ல எழுதுறாரு. மூணு நாளைக்குள்ள ரெண்டு கிலோ ஏறுனா போன் பண்ணச் சொல்லியிருக்காங்க மேடம். முதல் நீர் ரிப்போர்ட்ட ஜெராக்ஸ் போட்டு ஒரிஜினல தனியா வச்சிருக்கேன், ஏன்னா மருந்து ஏதாச்சும் ஆரம்பிச்சதுக்கு அப்பறம் எடுக்குற நீர் வேற மாதிரி காட்டும், மொத சாம்பிள் திரும்பக் கெடைக்காது. நீர் எடுத்த அன்னிக்கு என்னென்ன மாத்திரை ஓடிக்கிட்டு இருந்துச்சுன்னும் அதே பேப்பர் ஓரத்துல எழுதி வச்சுட்டேன். மச்சான் அவங்கப்பாவோட சுகர் மாத்திரை அட்டைய போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்பி "இதுல அந்த மருந்து இருக்கா பாரு மாப்ள"ன்னு கேட்டிருந்தாரு. இருந்துச்சு. நீங்களா நிறுத்திராதீங்க, டாக்டர்கிட்ட காட்டி கால் வீக்கம் இருக்குன்னு சொல்லுங்கன்னு பதில் போட்டிருக்கேன்.